பாடிக்கு பிளஸ்

நீடாமங்கலம்,
ஆகஸ்ட் 18

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வயல் வேலை என்று சொன்னால் நீ நம்பப் போவதில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள், வெண்ணாற்றில் தண்ணீர் தளும்பிப் போகிறது, குறுவையை ஆள் பார்த்துக்கொள்கிறான். உன் தங்கச்சிக்கு மூட்டு வலி பரவாயில்லை. பதில் தாமதமானதற்கு உண்மையான காரணம் கார்.

அப்பாவின் அம்பாசடர், 1965 மார்க் 2. பி.யூ.சி. முடித்த கோடையில் ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணப் போய் உன் கட்டைவிரல் வீங்கியதே, அதே வண்டி. போன மாதம் பேட்டரி செத்துவிட்டது. வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாய், மகள் வீட்டுக்கு நாகூர் போயிருந்தார். எனக்கோ சாயங்காலம் தஞ்சாவூரில் ஒரு ரிசப்ஷன். சரி என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். 22 வயசுப் பையன், கைசுத்தமான வேலைக்காரன். புது பேட்டரியை வைத்து அரை மணி நேரத்தில் கட்டிக் கொடுத்தான். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நம் கேட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம், ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். இருட்டிவிட்டதால் லைட்டைப் போட்டுக்கொண்டு இன்ஜினை ஐடிலில் விட்டிருந்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே அப்பா தனியாக மாட்டிய ஆம்பியர் மீட்டர் ஞாபகமிருக்கிறதா? அதன் முள் பிளஸ் பக்கம் சாய்ந்து நின்றது. ஆகா, புது பேட்டரியில் சார்ஜ் எப்படி ஏறுகிறது பார் என்று உன் தங்கச்சியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். கேட் திறந்தது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் பானெட்டுக்குள்ளிருந்து ரப்பர் கருகும் நாற்றம், அப்புறம் புகை. பின்னால் இருந்த பஸ்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. ரிசப்ஷனுக்கு ஆட்டோவில் போனோம்.

மறுநாள் பாய் வந்து பானெட்டைத் தூக்கினார். எதையும் தொடவில்லை. பேட்டரியை மட்டும் பார்த்துவிட்டு, "தகரம் எதுக்கு வச்சிருக்கு?" என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். பேட்டரியில் பிளஸ் முனை தடிமன், மைனஸ் முனை கொஞ்சம் ஒல்லி. பாடியில் முடுக்கிய பட்டைக் கம்பியின் கிளாம்ப் ஒல்லி முனையில் லொடலொடவென்று இருந்ததால், பையன் நடுவில் ஒரு தகரத் துண்டைச் சுருட்டிச் செருகியிருந்தான். இன்னொரு கிளாம்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பெரிதாக்கி தடி முனையில் இறக்கியிருந்தான். வண்டி இரண்டு முறை 'இது மாறிப்போச்சு' என்று அவனிடம் சொல்லியிருக்கிறது. அவனுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து இங்கிலாந்து வழக்கப்படி எங்கள் வண்டியில் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போவது பிளஸ். அவன் பிறந்ததிலிருந்து தொட்ட எல்லா வண்டியிலும் பாடிக்கு மைனஸ். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு எப்படிக் கொடுத்தாலும் ஒன்றுதான், அதே பக்கம்தான் சுற்றும். இக்னிஷன் காயிலும் தீப்பொறி தரும். அதனால் வண்டி கிளம்பிவிட்டது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ மட்டும் தன் பழைய காந்தத்தை மறக்காமல் எதிர்ப்பக்கமாகக் கரண்ட் கொடுத்திருக்கிறது. வேகம் ஏறி, டைனமோவை பேட்டரியோடு இணைக்கும் கட்அவுட் சுவிட்ச் மூடியதும் பேட்டரியும் டைனமோவும் முட்டிக்கொண்டன. வண்டி முழுக்க இரண்டே ஃபியூஸ், டைனமோ லைனில் ஒன்றுமே கிடையாது. நான் பெருமைப்பட்ட அந்த முள்ளும் தலைகீழாகத்தான் காட்டியிருக்கிறது. சார்ஜ் ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது.

பாய் ரெகுலேட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒட்டிப்போன கட்அவுட் பாயின்ட்டைப் பிரித்து அரம் போட்டார். பேட்டரியைத் திருப்பிக் கட்டினார். டைனமோவின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு துண்டு ஒயர் எடுத்து டைனமோவின் சின்ன முனையில் ஒரு நொடி தொட்டு எடுத்தார். நீலமாக ஒரு பொறி. இன்னொரு தடவை. "போதும், இப்ப பழசு ஞாபகம் வந்துடும்" என்றார். வந்துவிட்டது.

எனக்குப் பையன் மேல் கோபம் இருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கத்திவிட்டு வரலாம் என்றேன். பாய் என்னைத்தான் திட்டினார். "வண்டி யாருது? நீங்க சொன்னீங்களா?" நான் சொல்லவில்லை. 40 வருஷமாக ஓட்டுகிறேன், எனக்கே அது மறந்துவிட்டது. நம் காலத்து வண்டி இவர்களுக்குத் தெரியவில்லை என்று நாம் புலம்புகிறோம். அம்பாசடர் கம்பெனி 2014-ல் உற்பத்தியை நிறுத்தியபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். அவன் எங்கே போய்க் கற்பான்? இப்போது பேட்டரித் தட்டுக்கு மேலே சிவப்புப் பெயின்ட்டில் 'பாடிக்கு பிளஸ்' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனாகவே பாயிடம் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை வாங்கி டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளியை 15 தவ்வுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்குக்கு, வைத்துப் பார்த்தான். மூன்றாவது தடவை சரியாக வந்தது. பாய்க்குக் கண் மங்கிவிட்டது மாப்ளே, கேஜில் எண்ணைப் படிக்கப் பையன்தான் வேண்டியிருக்கிறது.

உன் பத்மினி கார் விஷயம். மத்தியான டிராபிக்கில் நின்றுவிடுகிறது, ஆறினால் கிளம்புகிறது என்றால் பெட்ரோல் இழுக்கும் பம்ப்பை மாற்ற அவசரப்படாதே. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைக்கிறது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பார், நம் ஊர் டாக்சிக்காரர்கள் செய்ததுதான். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பர் குழாய், டயாஃப்ரம் எல்லாவற்றையும் ஒரு தடவை மாற்றிவிடு.

பழங்கால வண்டிகளுக்குத் தரும் விஏ நம்பர் பிளேட் பற்றிக் கேட்டிருந்தாய். 2021 விதிப்படி 50 வருஷம் தாண்டிய, உருமாற்றாத வண்டிக்குத் தருகிறார்கள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. எனக்கு அது ஒத்துவராது. விதைநெல் மூட்டையை டிக்கியில் போட்டுக்கொண்டு போக வேண்டும் எனக்கு.

ஒரு உதவி. பாய் அரம் போட்ட பாயின்ட் ரொம்ப நாள் தாங்காதாம். புதுப்பேட்டைப் பக்கம் போனால் பழைய லூகாஸ் ரெகுலேட்டர் பெட்டி ஒன்று தேடிப் பார், ஆர்.பி. 106 என்று போட்டிருக்கும். மூடி உடைந்திருந்தாலும் வாங்கிவிடு, நல்ல மூடி இங்கே இருக்கிறது.

உன்
மச்சான்