பேசின் பிரிட்ஜ் ஷெட்டில் நெருப்புப் போட்டவர்களின் அறிவைப் பதிவு செய்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயபுரம் ரயில் நிலையத்தின் பழைமையைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டதையும், நாட்டில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் அதுவே மிகப் பழையது என்பதையும் கட்டுரையாளர் சரியாகவே எடுத்துக்காட்டியிருந்தார். ஆயினும், வடசென்னையின் ரயில் வரலாற்றைத் தூண்களும் முகப்பும் கொண்ட அந்த ஒரு கட்டடத்தோடு முடித்துக்கொள்வது எனக்குக் குறையாகவே படுகிறது. அந்த வரலாற்றின் பெரும்பகுதி இஞ்சின்களை நிறுத்திப் பராமரித்த பேசின் பிரிட்ஜ் லோகோ ஷெட்டிலும், பெரம்பூர்ப் பணிமனைகளிலும், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை யார்டுகளிலும் கரியும் எண்ணெயுமாக உழைத்தவர்களின் கையில் இருந்தது. கரி இஞ்சினைக் கையாண்ட கடைசித் தலைமுறையினர் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள் என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

நான் புளியந்தோப்பில் வளர்ந்தவன். அறுபதுகளின் இறுதியில் எங்கள் தெருப் பையன்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் பேசின் பிரிட்ஜ் சந்திப்பின் ஓரத்தில் நின்று இஞ்சின் எண்களைப் பழைய கணக்கு நோட்டில் குறித்துக்கொள்வதுதான். அரக்கோணம் மார்க்கமும் கூடூர் மார்க்கமும் ராயபுரம் வழியாகக் கடற்கரைக்குச் செல்லும் மார்க்கமும் பிரியும் இடம் அது. எனவே காத்திருந்து அலுத்துப்போனது கிடையாது. சென்ட்ரல் ஒரு முனைய நிலையம் என்பதால், வண்டியை இழுத்துவந்த இஞ்சின் தண்டவாளம் முடியும் இடத்தில் பெட்டிகளுக்கு முன்னால் அடைபட்டு நிற்கும். வேறோர் இஞ்சின் வந்து பெட்டிகளைப் பின்னுக்கு இழுத்துச் சென்ற பிறகே அது விடுபட்டுத் தனியாக ஷெட்டுக்குத் திரும்பும். அப்படித் தனியே மெதுவாக வரும்போதுதான் எண்ணை நிதானமாகப் படிக்க முடியும். எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கும் எழுத்துகளைக்கொண்டு அரக்கோணத்து இஞ்சினா, ஜோலார்பேட்டை இஞ்சினா, விஜயவாடா இஞ்சினா என்று வாதாடுவோம்.

கூம்பு மூக்கும் அதன் நடுவே நட்சத்திரமும் கொண்ட டபிள்யூ.பி. இஞ்சினுக்கே எங்களிடம் மதிப்பு அதிகம். டபிள்யூ என்றால் அகலப் பாதை, பி என்றால் பயணிகள் வண்டி. அவ்வகையின் முதல் இஞ்சின்கள் 1947-இல் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. சரக்கு வண்டிகளை இழுத்த டபிள்யூ.ஜி. இஞ்சினைப் பையன்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை. ஆனால் 1950-இல் சித்தரஞ்சன் தொழிற்சாலை கட்டிய முதல் இஞ்சின் அந்த வகையைச் சேர்ந்ததுதான். நாட்டின் கோதுமையையும் சிமென்டையும் நிலக்கரியையும் சுமந்ததும் அதுதான். இப்போது யோசித்தால் மரியாதை அதற்கே போயிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எண்களைக் காட்டிலும் ஷெட்டுக்குள் நடந்த வேலைதான் இன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. குளிர்ந்து கிடக்கும் இஞ்சினில் எண்ணெயில் நனைத்த பஞ்சுக்கழிவையும் விறகையும் இட்டு நெருப்பு மூட்டினால், வண்டியை இழுக்கும் அளவுக்கு நீராவி சேரப் பல மணி நேரம் ஆகும். அதனால் விடியற்காலை வண்டிக்கு முந்தைய இரவே வேலை தொடங்கிவிடும். ஓடி முடித்து வந்த இஞ்சினைச் சாம்பல் குழியின்மேல் நிறுத்தி, அடுப்பின் அடித்தட்டில் இறுகிப்போன கசடை நீண்ட இரும்புக் கம்பியால் குத்தி இறக்குவார்கள். தெலங்கானாவின் சிங்கரேணிச் சுரங்கக் கரியில் சாம்பல் அதிகம் என்பதால் அந்த வேலைக்கு ஓய்வே இருக்காது. பாய்லரின் உட்புறம் படியும் உப்பைக் குறித்த காலத்தில் கழுவி வெளியேற்ற வேண்டும். அடுப்பின் கூரைமேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அது குறைந்தால் அங்கே பொருத்தியிருக்கும் லெட் பிளக் என்னும் ஈயத் திருகு உருகி, நீராவி அடுப்புக்குள் பாய்ந்து நெருப்பை அணைக்கப் பார்க்கும். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதுதான் டிரைவருக்கும், அடுப்புக்குக் கரி போடும் இரண்டு பயர்மேன்களுக்கும் வழி முழுவதும் இருந்த கவலை.

இவற்றையாவது புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். காதால் கற்ற பாடம் எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை. இரண்டு சிலிண்டர் இஞ்சினில் பெரிய சக்கரம் ஒரு முறை சுழல்வதற்குள் புகைபோக்கி நான்கு முறை மூச்சுவிடும். அந்த நான்கும் ஒரே அளவில் ஒலிக்க வேண்டும். ஒன்று தளர்ந்தோ முந்தியோ ஒலித்தால் வால்வின் பொருத்தம் பிசகியிருக்கிறது என்று எங்கள் தெருவில் குடியிருந்த முதிய ஃபிட்டர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். அவரிடம் யாரும் எதையும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. காய்ந்த துணிகள்மீது கரித்தூள் படிவதைத் திட்டாத பெண்கள் எங்கள் பகுதியில் இல்லை. சாம்பல் மேட்டில் பாதி வெந்த கரியைப் பொறுக்கி அதை வைத்தே அடுப்பெரித்த குடும்பங்கள் இருந்தன. காவலர்கள் விரட்டினால் சிறுமிகள் கூடையோடு ஓடுவார்கள். பயர்மேன்களின் முன்கைகளில் தீத்தழும்புகள் இருந்தன. எழுபதுகளின் இறுதியில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்கம்பிகள் வந்தபோது வருந்தியவர்கள் பையன்கள்தாம். பயர்மேன்கள் வருந்தியதாக எனக்கு நினைவில்லை.

பழைய இஞ்சின்களைக் காப்பதில் நாம் பின்தங்கிவிடவில்லை. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட இ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 என்னும் இஞ்சினைப் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் பழுதுபார்த்து, 2010-ஆம் ஆண்டு விடுதலை நாளன்று சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓடச்செய்தார்கள். நூறாண்டு காலம் காட்சிப்பொருளாக நின்ற இஞ்சினுக்கு உயிர் கொடுத்த கைகள் வடசென்னையின் கைகள். அச்செய்தி எல்லா நாளிதழ்களிலும் படத்துடன் வந்தது. படங்களில் இஞ்சினே நிறைந்திருந்தது. ஐ.சி.எஃப். என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்திலும் நீராவி இஞ்சின்களைத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் அடுப்பின் எந்த மூலையில் எவ்வளவு கரி வீச வேண்டும், ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கினால் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பார்வையாளருக்குச் சொல்ல அங்கே ஒரு குரல் வேண்டும்.

அகலப் பாதையில் நீராவி இஞ்சின் இழுத்த வழக்கமான பயணிகள் சேவை 1995 டிசம்பரில் நாடெங்கும் முடிவுக்கு வந்தது. நம் பகுதியில் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. ஆகவே அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்திருப்பார்கள். தெற்கு ரயில்வே நிர்வாகம், ஓய்வூதியர் சங்கங்களின் துணையோடு அவர்களைத் தேடிச் சென்று, அவர்களுடைய பேச்சைக் காணொளியாகப் பதிவுசெய்ய வேண்டும். மேடையில் அமரவைத்துப் பொன்னாடை போர்த்திப் பேசச் சொன்னால் பயன் இல்லை. அருங்காட்சியகத்திலுள்ள இஞ்சினின்மீதே ஏற்றி, கைப்பிடி கைப்பிடியாகக் கேட்க வேண்டும். கேள்வி கேட்பவர் இஞ்சினைப் பற்றி ஓரளவாவது தெரிந்தவராக இருப்பது அவசியம்.

காகிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி வீடுகளின் பரண்களில் டிரைவர்களின் நாட்குறிப்புகள், பணிக்கால அட்டைகள், விதிநூல்கள், ஷெட் வாசலில் எடுத்த குழுப் படங்கள் முதலியன இன்னும் கிடக்கின்றன. வீடு இடிக்கும்போதும் மாற்றும்போதும் அவை எடைக்குப் போய்விடுகின்றன. அத்தகைய குடும்பத்தினர் தொடர்புகொள்ளும்படி தங்கள் நாளிதழின் சென்னைப் பதிப்பில் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, வரும் படங்களையும் குறிப்புகளையும் வாரம் ஒரு பத்தியாகவேனும் அச்சிட இயலுமா என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடமுள்ள எண் நோட்டுகளின் படிகளை அனுப்பிவைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
புளியந்தோப்பு, சென்னை