ஜி.எச்.சில் ஒரு ராத்திரி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு என் தம்பிதான் காரணம். மூலக்கொத்தளம் பக்கம் பைக்கில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். 108-இல் ஏற்றி, சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனார்கள். பயப்படாதே, ராடு வைத்து வீட்டுக்கு வந்தாயிற்று. இப்போது டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறான்.

அன்று ராத்திரி வாசலிலேயே ஒரு நர்ஸ் நாடி, பிரஷர் எல்லாம் பார்த்து அவனை மஞ்சள் பகுதிக்கு அனுப்பினார். அவன் போட்ட கூச்சலில் தூணே ஆடியிருக்கும். எங்களுக்குப் பின்னால் வந்த பையனிடமிருந்து சத்தமே இல்லை. அவனைச் சிவப்புப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். "முதலில் வந்தது நாங்கள்தானே?" என்று கேட்டுவிட்டேன். "கத்துறவருக்கு மூச்சு இருக்கும்மா. சத்தம் போடாதவரைத்தான் முதல்ல பார்க்கணும்" என்றார் நர்ஸ். ரேஷன் கடை வரிசை என்று நினைத்துவிட்டேன் பார். அந்தப் பையனுக்குத் தலைக்குள் ரத்தக் கசிவாம். இரண்டு நாள் கழித்து விசாரித்தேன், கண் விழித்துவிட்டான் என்றார்கள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மகளுக்கு எம்.எம்.சி., அதாவது இந்த ஜி.எச்.சோடு சேர்ந்த சென்னை மருத்துவக் கல்லூரி, கிடைத்தால் சேர்க்கலாமா, அந்தக் கூட்டத்தில் பாடம் எங்கே நடக்கும் என்று கேட்டிருந்தாய். தம்பியின் முழங்கைக் கிழிசலைத் தைத்தது ஒரு ஹவுஸ் சர்ஜன், அதாவது படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கும் டாக்டர். உன் பெண்ணைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பெரிய டாக்டர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது தையலில் அவள் கை தயங்கியது. அவர் ஊசியை வாங்கவில்லை. "ஓரத்தை இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிடிம்மா" என்று மட்டும் சொன்னார். பிடித்தாள். தம்பியின் கையில் இப்போது ஆறு தையல் தழும்பு: முதல் மூன்று கோணல், அடுத்த மூன்றும் நேர்.

1664-இல் கோட்டைக்குள் கும்பெனிச் சிப்பாய்களுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. 1772-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது, கல்லூரி தொடங்கியது 1835-இல். அங்கே படித்து 1912-இல் டாக்டரான முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் புதுக்கோட்டைக்காரியான உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

உள்ளூரிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறதே என்று உன் வீட்டுக்காரர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இங்கே வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு என் வீட்டில். தம்பியை அந்தத் தழும்பைக் காட்டச் சொல்கிறேன்.

அன்புடன்,
சாந்தா