மலைமேல் ரிசார்ட் நடத்துகிறவர்களுக்குக் கோவையிலிருந்து ஒரு தீச்சட்டிக்காரன் எழுதுவது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைப் பக்கம் ரிசார்ட், ஹோம்ஸ்டே, டென்ட் கேம்ப் என்று நடத்திக்கொண்டிருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்ங்க.

கோவை கணபதியில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். நான், இரண்டு வெல்டர்கள், கிரைண்டிங்கும் பெயின்டிங்கும் பார்க்க ஓர் ஆள், அவ்வளவுதான். முன்பு கேட், கிரில், மாடிப்படி கைப்பிடி என்று எல்லோரும் செய்வதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அப்புறம் குன்னூர்க்காரர் ஒருவர் கேட்டார் என்று இரும்பில் ஒரு ஃபயர் பிட் (விறகு எரித்துச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்கிற பெரிய சட்டி) செய்து கொடுக்க, அதைப் பார்த்து இன்னொருவர் கேட்க, இப்போது வேலையில் பாதிக்கு மேல் அதுதான். எங்கள் தெருவில் என் பெயரே தீச்சட்டிக்காரர் என்று ஆகிவிட்டது. மாரியம்மன் நோன்பு சமயத்தில் நிஜமாகவே அக்கினிச்சட்டி கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள், அந்த அளவுக்கு.

போன மாதம் ஓர் அண்ணன் போன் செய்தார். "உங்க சட்டி அடி விட்டுப்போச்சுங்க, கெஸ்ட் உக்காந்திருக்கறப்பவே கங்கு பூரா டெக் மேல கொட்டிருச்சு" என்றார். மர டெக். பக்கத்தில் நின்ற ரூம் பாய் ஒருவர் பக்கெட் தண்ணீரோடு ஓடி வந்ததால் நான்கு பலகை கருகியதோடு போயிற்று. நான் பதறிப்போய் அடுத்த நாளே மேலே ஏறினேன். திருப்பிப் போட்டுப் பார்த்தால் அடித்தகடு சல்லடை மாதிரி இருக்கிறது. 16 கேஜ் தகடு, அதாவது 1.6 மில்லிமீட்டர் தடிமன்தான். அதைப் போட்டது வேறு யாரும் இல்லை, நான்தான்.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. 3 மில்லி தடிமன் தகட்டில்தான் அவருக்கு முதலில் கொட்டேஷன் கொடுத்தேன். ஜாஸ்தி என்றார். வேறு பட்டறையில் இவ்வளவுக்குத் தருகிறார்கள் என்று ஒரு தொகையைச் சொன்னார். கையில் வேலை இல்லாத மாதம், ஒப்புக்கொண்டேன். எப்படிக் குறைத்தாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த மடல் அந்த இரண்டு மௌனத்தைப் பற்றியதுதான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒரு மில்லி தடிமனுக்கு 7.85 கிலோ. நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சைஸ் 900 மில்லி விட்டம், 350 மில்லி உயரம். சுற்றுத் தகடும் அடியும் சேர்த்தால் ஒன்றரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 3 மில்லியில் போட்டால் கால், வளையம் எல்லாம் தவிர்த்தே 38 கிலோ வரும். 5 மில்லி என்றால் 64 கிலோ. 16 கேஜில் 20 கிலோ. தகட்டைக் கடைக்காரர் கிலோ கணக்கில்தான் எனக்குத் தருகிறார், அதுவும் அடியை வட்டமாக வெட்டிய பிறகு மிஞ்சுகிற நான்கு மூலைக்கும் சேர்த்து. கட்டிங், ரோலிங், வெல்டிங் கூலி தகடு மெலிந்ததால் ஒன்றும் குறைவதில்லை, மெல்லிய தகடு வெல்டிங்கில் இழுத்துக்கொண்டு கோணுவதால் சில சமயம் கூடவே ஆகும். ஆக, "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று நீங்கள் சொல்லும்போது நான் கை வைக்க முடிந்த இடம் தடிமன் ஒன்றுதான். கண்ணுக்கும் தெரியாது. வளையத்தைப் பட்டையாக வைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டால் 16 கேஜும் 5 மில்லியும் போட்டோவில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இதற்கு நீங்கள் சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "ஜிஐ ஷீட்ல போடுங்க, துருவே பிடிக்காது." அண்ணா, ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய தகடு. துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும், விறகுக் கங்கு அதைச் சுலபமாகத் தாண்டும். சூடு ஏறினால் பூச்சு புகையாகப் போகும். அந்தப் புகை என்ன செய்யும் என்று வெல்டரிடம் கேளுங்கள். பகலில் ஜிஐ பைப் வெல்டிங் அடித்துவிட்டு ராத்திரி குளிர் காய்ச்சலில் நடுங்கினவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று ஒரு பட்டறை வைத்தியம் வேறு உண்டு, அதை விடுங்கள். சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடும் குழந்தைகளுக்கு அந்தப் புகை வேண்டாம்.

"அப்ப எஸ்எஸ் 304." அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துரு விஷயத்தில் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சூட்டில் எஸ்எஸ் சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், வெப்பத்தைக் கடத்துவதோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு பக்கம் பழுக்கும், மறுபக்கம் சும்மா இருக்கும், தகடு நெளியும். அந்தப் பளபளப்பும் முதல் ராத்திரியே மஞ்சளும் நீலமுமாக மாறிவிடும். அப்புறம் "காந்தம் ஒட்டலைன்னா 304" என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், அதைவிட மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாதுங்க.

கார்ட்டன் ஸ்டீல் கேட்பவர்கள் இணையத்தில் வெளிநாட்டுப் படம் பார்த்துவிட்டு வருகிறார்கள். அருமையான சரக்கு, மேலே ஒரு துருப் படலம் கட்டி உள்ளே துரு போகாமல் தடுத்துக்கொள்ளும். ஆனால் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்தால்தான் அந்தப் படலம் கட்டும். வால்பாறையில் ஜூன், ஜூலையில் எதுங்க காய்கிறது? போதாததற்கு, ஆரம்பத்தில் துருத் தண்ணீர் வழிந்து உங்கள் வெள்ளைக் கல் தரையில் கோடு போடும், அதற்கும் எனக்குத்தான் போன் வரும்.

எனக்குப் பிடித்த கேள்வி, "லாரி ரிம்ம வச்சே நெருப்பு போடறாங்களே, அப்புறம் எதுக்கு உங்ககிட்ட வாங்கணும்?" என்பது. உண்மையைச் சொல்கிறேன், பழைய லாரி ரிம் நல்ல தீச்சட்டிதான். கனமான இரும்பு, நடுவில் காற்றுக்கு ஓட்டை, பழைய இரும்புக் கடை விலை. ஒருமுறை காலி இடத்தில் நன்றாக எரித்துப் பழைய பெயின்டைப் போக்கிவிட்டு, மண் தரையில் வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் நிற்கும். நான் 16 கேஜில் செய்து தந்ததைவிட அது ஆயிரம் மடங்கு மேல். பட்ஜெட் இல்லை என்றால் ரிம் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமே இல்லை. என்னிடம் வந்து ரிம் விலைக்கு அழகான சட்டி கேட்காதீர்கள், அது போதும்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். இதை நேரில் பேச எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுத்து.

கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்குக் கூட்டம் வரும் என்று நவம்பர் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆர்டர் தருகிறீர்கள். அட்வான்ஸ் என்று ஐயாயிரமோ பத்தாயிரமோ வரும். நான் தகடு எடுத்து, ராத்திரி வேலை பார்த்து, குட்டி யானையில் ஏற்றி மேட்டுப்பாளையம் வழியாக மேலே அனுப்புகிறேன். சரக்கு இறங்கியதும் "சீசன் முடியட்டும்ங்க, மொத்தமா போட்டு விடறேன்" என்கிறீர்கள். சீசன் முடிந்தால் "இப்ப டல்லுங்க, ஏப்ரல், மே வரட்டும்." மே முடிந்தால் மழை. இடையில், நான் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். நீங்கள் எனக்குக் கொடுத்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. உங்களிடமிருந்து வராத காசுக்கு நான் வரி கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெல்டருக்குச் சனிக்கிழமை சம்பளம். தகட்டுக் கடையில் போன பாக்கி தீராமல் அடுத்த லோடு கிடையாது. அப்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆர்டருக்கு 3 மில்லி எடுக்கக் கையில் காசு இருக்காது, பட்டறை மூலையில் 16 கேஜ் ஷீட் மிச்சம் சாய்ந்து நிற்கும். உங்கள் பாக்கிதான் இன்னொருத்தர் டெக் மேல் கங்காகக் கொட்டுகிறது.

இத்தனைக்கும் கேம்ப் ஃபயருக்கு விருந்தினரிடம் தனியாகக் காசு வாங்குகிறீர்கள். சட்டிக்கான பாக்கியை ஏழு மாதம் இழுத்த ஓர் இடத்தில் ஒரு ராத்திரிக்கு 1,500 ரூபாய் என்று ரிசப்ஷனிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள், விறகோடு சேர்த்துத்தான், இருந்தாலும் பாக்கி கேட்கப் போனவன் அதைப் படித்துக்கொண்டே அரை மணி நேரம் காத்திருந்தேன்.

சட்டம் என் பக்கம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, உத்யம் என்கிற அரசுப் பதிவு உள்ள என்னைப் போன்ற சிறு பட்டறையிடம் சரக்கு எடுத்தால், எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. புகார் கொடுக்க ஓர் அரசு இணையதளம், விசாரிக்கக் கோவையிலேயே ஒரு கவுன்சில். இருந்தும் நான் ஒருவர் மேலும் புகார் கொடுத்ததில்லை, கொடுக்கப்போவதும் இல்லை என்றே நினைக்கிறேன். ஒருவர் மேல் கொடுத்தால் அன்று சாயங்காலமே உங்கள் வாட்ஸ்அப் குரூப் முழுக்கத் தெரிந்துவிடும், அடுத்த நவம்பரில் என் போன் அடிக்காது. இதை நீங்களும் அறிவீர்கள். அறிந்துதான் இழுக்கிறீர்களோ என்று சில ராத்திரி தோன்றும்.

நீங்கள் கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், தகடு மேல் மட்டும் பழி போட்டால் அது நியாயம் இல்லை. அடியில் நான் விடும் துளைகள் மழைத் தண்ணீர் வடிவதற்கு. சாம்பல் கொட்டுகிறது என்று அதைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள் ஓர் இடத்தில். ஈரச் சாம்பல் தகட்டோடு ஒட்டிக்கொண்டு அதைக் காயவே விடாது, அப்படியே விட்டுக்கொண்டே போனால் 5 மில்லிகூட நாளடைவில் அரித்துப்போகும். மறுநாள் காலையில் சாம்பல் நன்றாக ஆறியிருக்கிறதா என்று பார்த்து அள்ளிவிடச் சொல்லுங்கள். அழகுக்கு என்று ஆற்றுக் கூழாங்கல் நிரப்பாதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். சட்டியை மர டெக் மேல் வைப்பீர்கள் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள், காலை உயர்த்தி, அடியில் இன்னொரு தடுப்புத் தகடு போட்டுத் தருகிறேன். விறகு காய்ந்ததாக இருக்கட்டும். பச்சைச் சீகை மரத்தை அடுக்கிவிட்டு "உங்க சட்டி புகையுது" என்றால் நான் என்ன செய்ய?

கடைசியாக, சட்டியில் நான் வெட்டுகிற எழுத்து. இரண்டு வருடமாக நான் செய்யும் ஒவ்வொரு சட்டியிலும் வளையத்துக்குக் கீழே லேசர் கட்டிங்கில் ஒரு வரி இருக்கும்: "அறைக்குள், டென்டுக்குள் வைக்காதீர்." பெயின்டில் எழுதினால் ஒரு சீசனில் எரிந்துவிடும், அதனால் தகட்டிலேயே வெட்டுகிறேன். ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல் எல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும்போது, ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சுடர் அடங்கிய கங்கோடு சட்டியை டென்டுக்குள் இழுத்துவைத்துக்கொள்ளத் தோன்றும்தான். பழைய காலக் கணப்புச் சட்டி மாதிரிதானே என்று நினைப்பார்கள். அந்தக் காலத்து வீட்டு ஓட்டிலும் சுவரிலும் இருந்த இடுக்கு இன்றைய ஜிப் போட்ட டென்டில் கிடையாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. புகை அடங்கிவிட்டதே, இனி ஆபத்து இல்லை என்று ஆட்கள் நம்புகிற நேரத்தில்தான் கங்கு அதை விட்டுக்கொண்டிருக்கும். தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார்.

இந்த வரியை எடுக்கச் சொல்லி இதுவரை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். "லுக் போயிருதுங்க, கெஸ்ட் பயந்துக்குவாங்க." தமிழ் தெரியாதவர்களும் வருவார்களே, இங்கிலீஷிலும் சேர்த்து வெட்டு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானாகத்தான் இந்த வருடம் அதையும் சேர்த்திருக்கிறேன்.

இந்தச் சீசனிலிருந்து கொட்டேஷனில் தடிமன் தனி வரியாக இருக்கும், 3 மில்லிக்குக் கீழே கிடையாது. பாதித் தொகை அட்வான்ஸ், மீதி குட்டி யானையில் ஏற்றுவதற்கு முன். பழைய 16 கேஜ் சட்டி என்னிடம் வாங்கினவர்கள், எனக்குத் தெரிந்து பதினோரு பேர், கீழே கொண்டுவந்து போடுங்கள், அடித்தகட்டை 5 மில்லியில் மாற்றித் தருகிறேன், கூலி வேண்டாம், தகட்டுக் காசு மட்டும். டெக் கருகிய அண்ணனுக்கு மட்டும் அதுவும் வேண்டாம்.

அப்புறம், எழுத்து இல்லாமல் மூன்று சட்டி கேட்டு அட்வான்ஸும் கொடுத்தவர் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. மூன்றும் போன வாரமே பெயின்ட் அடித்து ரெடியாகப் பட்டறை வாசலில் இருக்கின்றன, எழுத்தோடுதான். அப்படியே வேண்டும் என்றால் வண்டி அனுப்புங்கள். வேண்டாம் என்றால் அட்வான்ஸை அன்றைக்கே உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறேன், சீசன் முடியட்டும் என்று சொல்ல மாட்டேன்.