நடுத்தூணை எடுக்கும் முன்

கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஷெட் வரைபடத்தை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை மாதிரிதான் இருக்கிறது, இங்கே இரும்பு, அங்கே அமெரிக்காவில் உன் ஒஹையோவில் மரம், அவ்வளவுதான். 8 அடிக்கு ஒரு தூண், ஒவ்வொரு தூண் தலையிலும் ஒரு ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம். இதில் ரெண்டு காரும் ஒன்றாக நுழையட்டும் என்று 16 அடிக்குக் கதவு கேட்கிறீர்கள். சரி, நடுவில் ஒரு தூண் போய்விடும். அதன் தலையில் உட்கார்ந்திருந்த ட்ரஸ் எங்கே போகும்?

முதலில் ஒன்று கேட்கிறேன், கதவை ஏன் நீளவாக்குச் சுவரில் வைக்க வேண்டும்? முக்கோணச் சுவர் பக்கம் திருப்பினால் கூரைச் சுமை அங்கே பெரிதாக இறங்காது, வேலை பாதியாகும். வழி அந்தப் பக்கம் இல்லை என்று மாப்பிள்ளை சொன்னால் விட்டுவிடு, அப்புறம் வாசலுக்கு மேலே குறுக்கே போட்டு அந்த ட்ரஸைத் தாங்கும் உத்தரம்தான் எல்லாம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து ஷெட் ஞாபகம் இருக்கிறதா? நீ ஏழாவது படித்தாய். டெம்போ நுழைய வேண்டும் என்று நடுத்தூணை எடுத்துவிட்டு 14 அடிக்கு உத்தரமாக ஒரு இரும்புச் சேனலைப் போட்டேன், அதுவும் சுவர்மேல் அழகாக உட்காருகிறதே என்று படுக்கவைத்து. மேலே மங்களூர் ஓடு. கோடை மழையில் ஓடு தண்ணீர் குடித்துக் கனத்ததும் சேனல் நடுவில் தொய்ந்து ஷட்டர் சுருளை உரச ஆரம்பித்துவிட்டது. முதலாளி போன் போட்டார், எம்-80 வண்டியில் உன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நூல் கட்டிப் பார்த்தால் நடுவில் முக்கால் அங்குலம் இறக்கம். நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நீதான். கைக்காசு போட்டு மாற்றிக் கொடுத்தேன், தப்பு என்னுடையது, வேறென்ன செய்வது.

உன் மேஜையில் ஸ்கேல் இருந்தால் ரெண்டு புத்தகத்துக்கு நடுவே படுக்கவைத்து விரலால் அழுத்து, வளையும். அதையே செங்குத்தாக நிறுத்தி அழுத்து, அசையாது. உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால் உத்தரத்தை அகலத்தில் பார்க்காதே, உயரத்தில் பார். அங்கே எல்விஎல் என்று மெல்லிய மரத்தாள்களை ஒட்டி அழுத்திச் செய்கிறார்களே, அதில் ரெண்டு மூன்றைச் சேர்த்து போல்ட் போடுவார்கள். எத்தனை அங்குலம் என்று நான் இங்கிருந்து சொல்லமாட்டேன், உங்கள் கூரையில் பனி தேங்கும், அந்தக் கணக்கு அந்த ஊர் இன்ஜினியரிடம்தான் போக வேண்டும்.

உத்தரத்தைத் தூணின் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தூணில் வெட்டுக் கொடுத்து அதன் மேலேயே உட்கார வேண்டும். எடுத்த தூணின் சுமையில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் போகும், அதாவது ஓரத்துத் தூண் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைத் தூண் சுமை. அந்த ரெண்டுக்கு மட்டும் குழியின் அடியில் கான்கிரீட்டை அகலமாகப் போடச் சொல். மேலே எவ்வளவு பலமாகக் கட்டினாலும் கீழே தூண் ஒரு நூல் அளவு இறங்கினால் கதவு மாட்டிக்கொள்ளும்.

நம் ஷட்டர் மேலே சுருண்டுகொள்ளும். உங்கள் கதவு பலகை பலகையாகத் திரும்பிக் கூரைக்கடியில் படுக்கும், அதற்கு வாசலுக்கு மேலே ஓர் அடி, ஒன்றே கால் அடி இடம் வேண்டும். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தகடு வாசலின் நடுமத்தியில் வரும், அங்கே கெட்டியான கட்டை இல்லாமல் வெறும் தகரம் இருந்தால் ஸ்பிரிங் முறுக்கில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், ஆளைக் காயப்படுத்தும். தரை கான்கிரீட் பிறகுதான் என்றால் உயரத்தை அந்தத் தரை எங்கே வருமோ அங்கிருந்து அளக்க வேண்டும், இப்போதிருக்கும் மண்ணிலிருந்து இல்லை. இதில் நானே ஒருமுறை 4 அங்குலம் கோட்டை விட்டிருக்கிறேன், அந்தக் கதையை அம்மாவிடம் கேட்காதே.

தகரம் அடிப்பதற்கு முன்னால் வாசலின் ரெண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்து அனுப்பு, ரெண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் உத்தரத்தின் அடியில் ஒரு நூல் கட்டி வீடியோ எடு. மாப்பிள்ளை ஒரு முனையைப் பிடிக்கட்டும். நூலை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல், அன்றைக்கு நீ தளர விட்டதில் நான் ரெண்டு தடவை அளக்க வேண்டியதாயிற்று.

அப்பா