முத்துப்பேட்டைக் காட்டை மீட்கச் செயற்கைக்கோள் படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைச் சிதைத்ததை நேரில் கண்டவன் நான். அலையாத்திக் காடு சேர்த்துவைக்கும் கரியின் (கார்பனின்) பெரும்பகுதி மரங்களின் வேரடிச் சேற்றில் தங்குவதால், அக்காட்டை மீட்பது புவி வெப்பமாதலைத் தணிக்கும் பணியும் ஆகும்.

எங்கே நடுவது என்பதைத் தீர்மானிக்க வழி இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் 10 மீட்டர் துல்லியப் படங்களும், 1972 முதல் சேர்ந்துவரும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால், முன்பு காடாக இருந்து இன்று உவர்த்தரையாகவோ கைவிடப்பட்ட இறால் குட்டையாகவோ கிடக்கும் நிலங்களை அடையாளம் காணலாம். வெப்பமாதலைத் தணிக்கும் இன்னொரு பணிக்கும் செயற்கைக்கோள் உதவும்: மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படங்கள், நெல்வயல்களில் நீர் தேங்கி நிற்கும் காலத்தைக் காட்டும். நீர் தேங்கிய வயலிலிருந்து வெளியாகும், புவியை வெப்பமாக்கும் மீத்தேன் வாயுவை, வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சிக் குறைக்கத்தக்க வயல்களை அதைக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம். (ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயலைக் காயவிடுவது கடினம், குறுவையே இதற்கு ஏற்றது.)

எனினும், படத்தில் வெறுமையாகத் தெரியும் சேற்றுத்தரை வலசைப் பறவைகளின் இரைக்களமாக இருக்கலாம். கடல்நீர் வந்து போக வாய்க்கால் இல்லாத இடத்தில் நட்ட கன்றும் பிழைக்காது. ஆகவே, வனத்துறை இத்தகைய வரைபடத்தைத் தமிழில் தயாரித்து, நடவுக்கு முன்பே மீனவர்களிடமும் ஊராட்சிகளிடமும் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்துப்பேட்டை.