கையெழுத்துக்கு மட்டும்தானா குடும்பம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் வலி நிவாரண மாத்திரைகளோடு இளைஞர்கள் பிடிபடும் செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். டேபென்டடால் என்ற அந்த வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளின் வீடுகளைப் பற்றியும் எழுதுங்கள். என் தம்பி அவர்களில் ஒருவன்.

அவன் சிகிச்சைக்குச் சேர்ந்த மையத்தில் எங்களிடம் கேட்டது கையெழுத்தும் ஆதார் நகலும்தான். அங்கே தினமும் ஊழியர் கண்ணெதிரில் பியூப்ரெநார்பின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உடல்வலியையும் போதை ஏக்கத்தையும் தணித்து, ஆளை வேலைக்குப் போக வைக்கும் மருந்து அது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியது. இதை எங்கள் அம்மாவுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டதும், அவனைப் போக விடாமல் நிறுத்திவிட்டார். அவன் பழைய கூட்டாளிகளிடமே திரும்பினான். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. சிகிச்சையை நிறுத்தியவரின் உடல் பழைய போதை அளவைத் தாங்காது. முன்பு பழகிய அதே அளவே மூச்சை அடக்கிவிடலாம். உதடு நீலம் பாரித்து, மூச்சு மெதுவாகி, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நாலோக்சோன் என்ற முறிவு மருந்தைத் தாமதமின்றிக் கொடுத்தால் காப்பாற்ற முடியும். வேறொரு மருத்துவர் சொல்லித்தான் இவை எனக்குத் தெரியும். நள்ளிரவில் பக்கத்தில் இருக்கப்போவது தாயும் மனைவியும்தானே? அவர்களுக்கல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

அந்த மையத்தில் குடும்ப ஆலோசனை என்று ஒன்று நடக்கிறது, வார நாளில், காலை பதினொரு மணிக்கு. காசிமேட்டில் விடியுமுன் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண் அந்நேரத்துக்கு எப்படி வருவார்? அடையாறில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனையில் குடும்பத்தினருக்கென்றே தனி நிகழ்ச்சி உண்டு. வட சென்னையின் அரசு மையங்களிலும் அப்படி ஒன்று வேண்டும். அதுவும் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வேண்டும். நோயாளியின் சம்மதத்தோடு மருந்து, அளவு, ஆபத்து எல்லாவற்றையும் வீட்டாருக்கு விளக்கட்டும். பூட்டி வைப்பதும் அடிப்பதும் ஏன் பலிக்காது, கையில் பணம் கொடுப்பதா வேண்டாமா, தூக்கமில்லாமல் தவிக்கும் மனைவிக்கு யார் ஆறுதல் என்பதையெல்லாம் அங்கே பேசட்டும்.

தம்பி இப்போது மீண்டும் மருந்துக்குப் போகிறான். போதை மீட்பு ஆலோசனைக்கான 14446 என்ற இலவச எண்ணில் குடும்பத்தினரும் பேசலாம். மாத்திரை பறிமுதல் செய்தி வரும்போதெல்லாம் அதன் கீழே இந்த எண்ணையும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை