ஜன்னலில் நீ வரைந்த முகங்கள்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தோடு வேதாகமத்தை மூடி வைத்துவிட்டேன் என்கிறாய். அமலேக்கியரின் பால்குடிக்கிற பிள்ளைகளையும் விடாதே என்று இஸ்ரவேலின் ராஜா சவுலுக்குக் கர்த்தர் பேரில் சொல்லப்படும் இடம். "இப்படிச் சொன்னவரையா நான் பிதாவே என்று கூப்பிட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாய்.

இதை நீ முதலில் கேட்டது ஏழு வயதில். யோசுவா பிடித்து, ஜனங்களோடு அழித்த கானானிய ஊர் எரிகோ. அதன் மதில் படத்துக்கு வண்ணம் தீட்டும்போது, ஜன்னல்களில் குட்டிக் குட்டி முகங்களை வரைந்துவிட்டு, "இவங்கல்லாம் என்ன ஆனாங்கப்பா?" என்றாய். "ஆண்டவர் காரியத்தில் கேள்வி கேட்கக் கூடாது" என்று அதட்டினேன். பதில் தெரியாத பயத்தில் அதட்டினேன் அம்மா. அதற்கு இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்த ஜனங்கள் பாவிகள், அதனால் தகும் என்று சிலர் விளக்குவார்கள். பால்குடிக்கிற பிள்ளை என்ன பாவம் செய்தது? அந்த விளக்கத்தை உனக்கு நான் தர மாட்டேன்.

1868-ல், இஸ்ரவேலின் பக்கத்து நாடான மோவாபின் ராஜா மேசாவின் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதில் அவன் தன் தேவன் காமோசுக்காக ஒரு ஊரையே சங்கரித்ததாகவும், இஸ்ரவேல் என்றைக்குமாக அழிந்துபோனதாகவும் எழுதி வைத்திருக்கிறான். இஸ்ரவேல் அழியவில்லை. அந்தக் காலத்து ராஜாக்கள் பேசிய பேச்சு அது. சுவாசமுள்ள ஒன்றையும் மீதி வைக்கவில்லை என்று யோசுவா 10 சொல்கிறது. நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தைத் திறந்தால், அழிக்கப்பட்டதாகச் சொன்ன அந்தத் தேசத்தின் பழங்குடிகளான கானானியர் ஊருக்கு ஊர் குடியிருக்கிறார்கள். ஆக, நடந்ததைவிடச் சொன்னது பெரிது. ஆனாலும் உன் கேள்வி இதனால் தீராது. ஒரு பிள்ளை செத்திருந்தாலும் செத்ததுதான்.

எனக்கு உதவியது வேறு. வேதாகமம் தனக்குள்ளேயே வழக்காடுகிறது. ஆகாப் ராஜாவின் வீட்டாரை யெஸ்ரயேல் ஊரில் வெட்டி அழித்த யெகூவை 2 இராஜாக்கள் 10 மெச்சுகிறது. அதே யெஸ்ரயேலின் இரத்தப்பழியை யெகூவின் வம்சத்தாரிடம் கேட்பேன் என்று தேவன் சொன்னதாக ஓசியா தீர்க்கதரிசி சொல்கிறான். இரண்டையும் ஒரே புத்தகத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள். பழைய ஏற்பாடே வேண்டாம் என்றார் இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்ற போதகர், சபை ஒப்புக்கொள்ளவில்லை. சரிதான். பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிக்கும் ஏசாயாவின் கனவும் அங்கேதானே இருக்கிறது?

இந்த வழக்கில் இயேசு எந்தப் பக்கம் நின்றார் என்று பார். நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயா 61-ஐ வாசிக்கிறார். "கர்த்தருடைய அநுக்கிரக வருஷம்" வரை வந்து புஸ்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிடுகிறார். அடுத்து வர வேண்டியது தேவன் பழிவாங்கும் நாள். வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டார். தங்களை ஏற்றுக்கொள்ளாத ஊரின்மேல், எலியா தீர்க்கதரிசியைப் போல வானத்திலிருந்து அக்கினி இறக்கட்டுமா என்று சீஷர்கள் யாக்கோபும் யோவானும் கேட்டபோதும் அவர்களைத்தான் அதட்டினார். நியாயத்தீர்ப்பைப் பற்றி அவரும் கடுமையாகப் பேசியிருக்கிறார், மறைக்க மாட்டேன். ஆனால் அதை நிறைவேற்றும் பட்டயத்தை சீஷர் எவர் கையிலும் அவர் கொடுக்கவில்லை. பேதுரு உருவியதையும் உறையில் போடச் சொன்னார்.

அப்புறம் மத்தேயு 15. மாற்கு சீரோபேனிக்கியா தேசத்தாள் என்று எழுதிய பெண்ணை, மத்தேயு 'கானானிய ஸ்திரீ' என்கிறான். அந்தப் பழைய பெயரை வேண்டுமென்றே எடுத்தான் என்றே நினைக்கிறேன். உபாகமம் 7-ல் கானானியருக்கு "இரங்கவும் வேண்டாம்" என்று இருக்கிறது. இவள் வந்து "எனக்கு இரங்கும்" என்று கத்துகிறாள். மகளுக்காக. முதலில் அவர் வாயே திறக்கவில்லை. திறந்தபோதும் கடினமாகத்தான் பேசினார். அந்த இடம் இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் அவள் விடவில்லை. அவள் விசுவாசத்தைப் பெரிது என்றார், மகள் சுகமானாள்.

இதை வாசிக்கும்போதெல்லாம் உன் ஜன்னல் முகங்கள்தான் எனக்கு ஞாபகம் வரும். அந்தப் படத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். சாமுவேலின் அந்த அதிகாரத்தை என்னாலும் தனியாக வாசிக்க முடிவதில்லை. வீட்டுக்கு வா, சேர்ந்து வாசிக்கலாம். இந்த முறை நீ கேள், நான் அதட்ட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா